நிரல் எழுதுவோருக்கு மறைகுறியியல் எதற்கு?

“மென்பொருள் எழுதப் போகிறவன் மறைகுறியியல் படிப்பது வீண் வேலை. பூட்டு வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்க வேண்டியதுதானே? கொல்லன் பட்டறையில் போய் எதற்காக உட்கார வேண்டும்?” சென்ற மாதம் நம் பேரவையின் மாலைக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார், பலத்த கைதட்டலும் பெற்றார். அவர் படிப்பை முடித்து, இரண்டாண்டுகளாக நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். நானோ முதுநிலை அறிவியல் இரண்டாம் ஆண்டில் கணிப்பொறி பயில்கிறவன். வரும் ஜூலையில்தான் அந்தத் தொழிலில் அடியெடுத்து வைக்கப் போகிறவன். அனுபவம் பேசும்போது ஆர்வம் அடங்கியிருப்பதே முறை என்று அன்று வாய் திறவாமல் இருந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், முறை கருதி மட்டும் நான் அடங்கியிருக்கவில்லை. இந்தப் பொருள் பற்றிப் பேச நான் எழுந்து நின்றிருந்தால் அவையில் பாதிப்பேர் சிரித்திருப்பார்கள். சிரிக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. என் கதை அவர்கள் அறிந்ததுதான். இவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு என் மறுப்பை வைக்கிறேன். இதழாசிரியரும், “கூட்டத்தில் பேசாததை எழுத்திலாவது கொடும்” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஒரு சொல் விளக்கம். கிரிப்டாகிரபி என்று உலகம் வழங்கும் கலையையே இங்கு மறைகுறியியல் என்கிறேன். இதனினும் நல்ல சொல் இருந்தால் தமிழ் பயிலும் நண்பர்கள் தந்து உதவுவார்களாக.

சென்ற ஆண்டு நம் பேரவையில் உறுப்பினர் 186 பேர். யார் சந்தா செலுத்தினார், யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கித் திருப்பாமல் வைத்திருக்கிறார், பொங்கல் விழாவில் யாருக்கு என்ன பொறுப்பு என்பவற்றையெல்லாம் ஒரு நீண்ட நோட்டில் எழுதி வந்தோம். அந்த நோட்டு ஒருநாள் தேநீரில் குளித்தது. “நீ கணிப்பொறிதானே படிக்கிறாய்? ஒரு நிரல் எழுதிக் கொடுத்துவிடேன்” என்றார் அப்போதைய செயலாளர். ஒரே வாரத்தில் பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல். அவற்றை உள்ளபடியே கோப்பில் எழுதி வைப்பது தவறு என்னும் அளவுக்கு எனக்கும் தெரிந்திருந்தது. ஆகவே அவற்றை ‘மாற்றி’ எழுதி வைத்தேன்.

மாற்றிய விதத்தைக் கேளுங்கள். எக்ஸார் என்றொரு செயல் உண்டு. இரண்டு பிட்டுகள் ஒத்திருந்தால் விடை சுழி. வேறுபட்டிருந்தால் விடை ஒன்று. இதிலுள்ள அழகு என்னவென்றால், ஓர் எழுத்தின்மேல் ஒரு சாவியைப் போட்டால் எழுத்து உருமாறும். அதே சாவியை மறுபடியும் போட்டால் பழைய எழுத்தே திரும்பி வரும். நான் பத்தெழுத்துச் சாவிச்சொல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, 186 பேருடைய கடவுச்சொற்கள்மீதும் அதையே போட்டேன். கோப்பைத் திறந்து பார்த்தால் கண்ணுக்குப் புரியாத குப்பை. எழுதிய எனக்கே புரியவில்லையே, வேறு யாருக்குப் புரியப் போகிறது என்று மகிழ்ந்தேன். இந்தத் துறையில் இதைவிடப் பேதைமையான நினைப்பு இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் படிப்பை முடித்துப் போன பிறகு நிரலைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே என்று, வேதியியல் இளநிலை முதலாண்டு பயிலும் தம்பி ஒருவனிடம் நவம்பர் மாதத்தில் எல்லாக் கோப்புகளையும் கொடுத்தேன். மதிய உணவுக்குப் பின் கொடுத்தது. மாலைத் தேநீருக்கு அவன் என் அறைக்கு வந்து நின்றான்.

“அண்ணா, உங்கள் சொந்த ஊர் மணப்பாறையா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர் கேட்பவர்களிடமெல்லாம் திருச்சி என்று சொல்லிவிடுவதே என் வழக்கம். மணப்பாறை என்பதை ஆங்கில எழுத்தில் பத்து எழுத்தாக எழுதியதுதான் என் சாவிச்சொல்.

அவன் பெரிய மாயவித்தை எதுவும் செய்துவிடவில்லை. தன் கடவுச்சொல் என்னவென்று அவனுக்குத் தெரியும். கோப்பில் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்தான். இரண்டையும் எக்ஸார் செய்தான். சாவி வெளியே வந்து விழுந்தது. அவனுடைய கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்து; ஆகவே சாவி முழுவதுமே வந்துவிட்டது. அவன் மறைகுறியியல் படித்தவன் அல்லன். பதினோராம் வகுப்பில் லாஜிக் கேட் பற்றிப் படித்தது நினைவிருந்ததாம்.

“எத்தனை பேருடையதைப் பார்த்தாய்?” என்று கேட்டேன்.

“மூன்று பேருடையதைத்தான் பார்த்தேன். அப்புறம் கூச்சமாகப் போய்விட்டது, அண்ணா. ஒருவர் தம் அம்மா பெயரை வைத்திருக்கிறார்.”

அடுத்த இரண்டு நாட்கள் நான் விடுதி விடுதியாக, அறை அறையாகப் போனேன். கதவைத் தட்டி, “இந்தக் கடவுச்சொல்லை இங்கே மாற்றுங்கள், வேறெங்கும் இதையே வைத்திருந்தால் அங்கும் மாற்றுங்கள்” என்று 186 பேரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினேன், படித்தவர் ஒரு கைவிரலுக்குள் அடங்குவர். சிலர் சிரித்தார்கள். “வங்கிக் கணக்குக்கும் அதையேதானே வைத்திருக்கிறேன்!” என்று ஒருவர் செருப்புக்கூட மாட்டாமல் தொலைபேசியும் கையுமாக வெளியே ஓடினார். ஆராய்ச்சி மாணவியான அக்கா ஒருவர் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தச் சொல்லை இனி நான் எங்கும் எழுத முடியாது அல்லவா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அது என்ன சொல் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் நினைத்திருந்தால் பார்த்திருக்கலாம் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன்.

மறைகுறி முறையை நீயாகச் செய்துகொள்ளாதே, வல்லுநர் செய்து பல்லாண்டு சோதித்ததையே எடுத்துப் பயன்படுத்து என்பது இத்தொழிலில் எல்லாரும் ஓதும் விதி. நல்ல விதி, அதை நான் மறுக்கவில்லை. நண்பர் கூட்டத்தில் இதைத்தான் பிரம்மாஸ்திரமாக வீசினார். ஆனால் நான் நிரல் எழுதிய அந்த வாரத்திலும் இந்த விதி எனக்குத் தெரியும் என்பதை அவர் நம்புவாரா? கேள்விப்பட்டிருந்தேன், நியாயம் என்று தலையையும் ஆட்டியிருந்தேன். எனினும் மீறினேன். ஏன்? மறைகுறி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே எனக்குத் தெரியவில்லை! கடவுச்சொல்லைக் கொஞ்சம் ‘மாற்றி’ வைக்கிறோம் என்றுதான் நினைத்தேன். எது மறைகுறி என்று அறியாதவனிடம் மறைகுறி செய்யாதே என்று சொல்வதில் என்ன பயன்? நஞ்சுக் காளானைத் தின்னாதே என்றால் போதுமா, எது நஞ்சுக் காளான் என்று காட்டிக் கொடுக்க வேண்டாமா? விதியைக் காப்பதற்கே ஓரளவு கல்வி வேண்டியிருக்கிறது என்பதுதான் என் முதல் மறுப்பு.

சரி, கடையில் வாங்கிய பூட்டையே மாட்டினான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது காப்பு உண்டா? 2013ஆம் ஆண்டு அடோபி நிறுவனத்தின் வாடிக்கையாளர் கோப்பு வெளியே கசிந்தது. அதிலிருந்த கடவுச்சொற்கள் என்னுடையவை போல் விளையாட்டுப் பூட்டால் பூட்டப்பட்டவை அல்ல. டிரிபிள் டெஸ் என்னும் முறையான பூட்டுத்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே சாவி. அதையும் இசிபி என்னும் முறையில் பயன்படுத்தியிருந்தார்கள். அம்முறையில் ஒரே சொல் எங்கு வந்தாலும் ஒரே குறியாகத்தான் மாறும். ஆகவே ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்த பல்லாயிரம் பேருடைய குறிகளும் ஒன்றுபோல் இருந்தன. போதாக்குறைக்கு, கடவுச்சொல் மறந்தால் நினைவூட்ட அவரவர் எழுதி வைத்த குறிப்புகள் பக்கத்திலேயே மறைக்கப்படாமல் கிடந்தன. ஒருவர் ‘என் நாயின் பெயர்’ என்று எழுதியிருப்பார். இன்னொருவர் மறந்தாற்போல் சொல்லையே எழுதியிருப்பார். அந்தக் குறியுள்ள அத்தனை பேரும் அகப்பட்டார்கள். பூட்டு நல்ல பூட்டு. பூட்டியவர்களுக்குத்தான் பூட்டத் தெரியவில்லை.

அப்படியானால் கடவுச்சொல்லை எப்படித்தான் மறைப்பது? இந்தக் கேள்வியே தவறானது என்பதைக் கற்க எனக்கு 186 கதவுகள் தட்ட வேண்டியிருந்தது. கடவுச்சொல்லை மறைத்து வைக்க வேண்டியதில்லை, வைத்திருக்கவே வேண்டியதில்லை. வருகிறவர் சொல்வது சரிதானா என்று நிரலுக்குத் தெரிந்தால் போதும். அந்தச் சொல் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. ஹாஷ் என்னும் ஒருவழிக் கணக்கினால் சொல்லை அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்கிறோம். மாவிலிருந்து நெல்லை மீட்க முடியாது. அடுத்த முறை அவர் சொல்லைத் தரும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறோம். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறுபட வேண்டும் என்பதற்காக ஆளுக்கொரு பிடி வேறு வேறு எண்ணைக் கலக்கிறோம். அதற்கு இத்துறையில் உப்பு என்றே பெயர். இராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979இலேயே யூனிக்ஸ் அனுபவத்தைக் கொண்டு இவற்றை விளக்கி எழுதிவிட்டார்கள். திருடன் கோடிக்கணக்கான சொற்களை அரைத்துப் பார்க்க முடியாதபடி அரைவை வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும் என்ற கருத்தும் அதில் உண்டு. அந்த நோக்கத்தில் எழுந்த பிகிரிப்ட் 1999இல் வந்தது. ஆர்கான்2 என்பது 2015இல் ஒரு பன்னாட்டுப் போட்டியில் வென்றது. எல்லாம் எனக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தன. மறைப்பது எப்படி என்று தேடினவனுக்கு, வைத்திருக்காதே என்ற விடை எப்படி அகப்படும்? கேட்கத் தெரிவதற்கே படிப்பு வேண்டும்.

மறைகுறியியல் என்றவுடன் இது நமக்குப் புறம்பான மேனாட்டுக் கணிதம் என்று அஞ்சுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணப்பாறை மாட்டுச் சந்தைக்குச் சிறுவயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்து, தம் கைமேலும் வாங்குகிறவர் கைமேலும் போட்டு மூடிக்கொள்வார். உள்ளே விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தால் என்ன தொகை என்பது சந்தையில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். அதில் இரகசியமே இல்லை. ஆனால் இப்போது எந்த விரல் பிடிபட்டிருக்கிறது என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும்.

முறை ஊரறிந்ததாக இருக்கலாம், சாவி மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்னும் கொள்கையை 1883இல் அகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்பவர் எழுதி வைத்தார். டச்சுக்காரராகிய அவர் பாரிசில் மொழி கற்பித்த ஆசிரியர். அதுவும் நமக்கு ஆறுதலான செய்திதான். முறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் இடையூறு வரக்கூடாது என்பது அவர் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று. நான் செய்தது இதற்கு நேர்மாறு. என் முறையை யாரும் ஊகிக்கமாட்டார்கள் என்பதையே மலைபோல் நம்பியிருந்தேன். படியாத என் தாத்தா அந்தத் தவற்றைச் செய்திருக்கமாட்டார்.

ஆனால் துண்டு இல்லாத இடத்தில் என்ன செய்வது? இன்று நீங்கள் தொலைபேசியில் பணம் அனுப்பும்போது உங்களுக்கும் வங்கிக்கும் நடுவே துண்டு போட ஆளில்லை. முன்பின் பழகாத இருவர், சந்தை நடுவே நின்று, எல்லார் காதிலும் விழும்படி உரக்கக் கூவி, தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணை உண்டாக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றுதான் எவரும் சொல்வர். முடியும் என்று 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். காகிதமும் பென்சிலும் எடுங்கள். இப்போதே செய்து பார்த்துவிடலாம்.

என் வயது 23. அது ஒரு பகா எண்ணும்கூட. 23, 5 என்னும் இரண்டு எண்களையும் ஊரறியச் சொல்லிவிடுவோம். 23ஆல் வகுத்தால் வரும் மீதி மட்டுமே நமக்குக் கணக்கு. நான் மனத்துக்குள் 4 என்று நினைத்துக்கொள்கிறேன். 5இன் நான்காம் அடுக்கு 625. அதை 23ஆல் வகுக்க மீதி 4. அதை உரக்கச் சொல்கிறேன். நீங்கள் மனத்துக்குள் 3 என்று நினைக்கிறீர்கள். 5இன் மூன்றாம் அடுக்கு 125, மீதி 10. அதை நீங்கள் உரக்கச் சொல்கிறீர்கள். இனி, நீங்கள் சொன்ன 10ஐ நான் என் நான்காம் அடுக்குக்கு உயர்த்துகிறேன்: 10,000; மீதி 18. நான் சொன்ன 4ஐ நீங்கள் உங்கள் மூன்றாம் அடுக்குக்கு உயர்த்துகிறீர்கள்: 64, மீதி 18. இருவர் கையிலும் 18 வந்துவிட்டது. 18 என்ற சொல்லோ யார் வாயிலிருந்தும் வரவில்லை.

சிறிய எண் ஆதலால் பக்கத்தில் நிற்பவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். 23க்குப் பதிலாக 600 இலக்கத்துக்கும் மேற்பட்ட பகா எண்ணை வைத்தால் உலகத்துக் கணிப்பொறிகளெல்லாம் சேர்ந்தாலும் திண்டாடும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: எதிரே நின்று கூவுகிறவர் நீங்கள்தானா என்பது எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும், நடுவே ஒருவன் நின்று இரண்டு பக்கமும் வேடம் போட்டால் கணக்கு அவனுக்கே பயன்படும். அதற்குத்தான் கையொப்பமும் சான்றிதழும். இந்தக் கணக்கை நான் முதன்முதலாகச் செய்து 18 வந்ததைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இதைச் செய்து பாராமலே ஒருவன் பாதுகாப்பு நூலகத்தை அழைத்து நிரல் எழுதி, ஓய்வும் பெற்றுவிட முடியும் என்பதை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

மேனாட்டுக் கணிதம் என்றேனே, அதையும் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். ஓர் எண் பகா எண்தானா என்பதை ஐயத்துக்கிடமின்றி, எண்ணின் நீளத்துக்கேற்ற நியாயமான காலத்துக்குள் சொல்லும் வழியை 2002இல் உலகத்துக்குத் தந்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர். பின்னிருவரும் அந்த ஆண்டில்தான் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள். நடைமுறையில் இன்றும் பழைய சோதனைகளே விரைவானவை என்பதால் அவையே வழக்கில் உள்ளன. அதனால் மூவரின் பெருமை குறையாது.

இவ்வளவும் மறைகுறியியல். ஆனால் அது மட்டும் போதாது. நிரல் எழுதும் அடிப்படையும் கூடவே வேண்டும். இரண்டையும் வெவ்வேறு பாடமாகப் பிரித்து வைத்ததுதான் பாடத்திட்டம் செய்தவர்களின் பிழை என்று நினைக்கிறேன். 2014இல் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை வெளிப்பட்டு உலகமே பதறியது நினைவிருக்கலாம். இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் அது இரண்டாண்டுகளாக இருந்தது. அங்கே மறைகுறிக் கணிதத்தில் ஒரு குற்றமும் இல்லை. ‘இதோ ஒரு செய்தி, இத்தனை பைட்டு நீளம், திருப்பிச் சொல்’ என்று ஒருவர் கேட்டால், அந்த நீளம் உண்மைதானா என்று பார்க்காமல் நிரல் திருப்பிச் சொல்லியது. செய்தி ஒரு பைட்டுத்தான் என்றாலும் நீளம் 64 ஆயிரம் என்று பொய் சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. சாவி கிடந்தால் சாவியையும்! வந்த அளவைச் சரிபார் என்பது முதல் பருவத்துப் பாடம்.

தமிழில் எழுதுகிற நமக்கு இந்த அளவுக் கணக்கு இன்னும் அவசியம். ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குகுறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. மேலே சொன்ன பிகிரிப்ட் 72 பைட்டுகளைத்தான் ஏற்கும். மேற்பட்டதைப் பல நிரல்கள் ஓசையின்றி வெட்டிவிடும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் 72 எழுத்து என்பது தாராளம். தமிழில் 24 குறியோடு தீர்ந்தது. பாட்டின் அடியொன்றைக் கடவுச்சொல்லாக வைத்தவர் பாதி அடியைத் தவறாகத் தட்டினாலும் கதவு திறந்துவிடும்!

நிரலைத் திருத்தி எழுதிய பிறகும் எனக்கு ஓர் அடி விழுந்தது. உறுப்பினர் ஒருவருக்குக் கணிப்பொறியில் திறக்கும் கடவுச்சொல் தொலைபேசியில் திறக்கவில்லை. அந்தச் சொல் ‘கொல்லிமலை’. மாற்றிவிட்டார், ஆகவே சொல்லலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம்; கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியாகவும் இடலாம். ஒருங்குகுறி இரண்டையும் ஒன்றென்றே கொள்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. அவருடைய இரண்டு விசைப்பலகைகளும் இதில் வேறு வேறு வழி போயின. அரைக்கும் எந்திரத்துக்கு அவை வேறு வேறு நெல். மாவும் வேறாகத்தானே வரும்? அரைக்குமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஒரு வரியை நான் சேர்த்தேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தப் பாடநூலும் இந்தக் கொம்பையும் காலையும் நமக்காக நினைத்துப் பார்க்கப் போவதில்லை.

“இதெல்லாம் எதற்கு, கேட்டால் இயந்திரமே நிரலை எழுதித் தருகிறதே” என்று இப்போது இன்னொரு கட்சி கிளம்பியிருக்கிறது. தரட்டும். என் பழைய எக்ஸார் நிரலைப் பார்த்தால் அதுவும் பிழையில்லாமல் ஓடிய நிரல்தான். 186 பேரும் உள்ளே வந்தார்கள், போனார்கள். ஒரு நாளும் நின்றதில்லை. மறைகுறியில் உள்ள தனித் தொல்லை அதுவே. கணக்குத் தவறினால் சந்தாத் தொகை இடிக்கும், உடனே தெரியும். பூட்டுத் தவறினால் ஒன்றுமே தெரியாது. திருடன் வந்து போகிறவரையில் எல்லாம் நலமாகவே இருக்கும். ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல முடியாத ஒன்றை, படித்துப் பார்த்துத்தான் சரியா என்று சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த ஓர் ஆள் எங்காவது இருந்தாக வேண்டும்.

பூட்டுகளின் பெயரை மனப்பாடம் செய்தாலும் காலம் தள்ள முடியாது. 1977இல் அமெரிக்க அரசின் தரமாக வந்த டெஸ் முறையை 1998இல் அதற்கென்றே செய்த ஓர் இயந்திரம் 56 மணி நேரத்தில் உடைத்தது. ஷா-1 2017இல் சாய்ந்தது. குவாண்டம் கணிப்பொறி வந்தாலும் நிலைக்கக்கூடிய புதிய தரங்கள் 2024இல் வெளிவந்திருக்கின்றன. நண்பர் கடையில் வாங்கச் சொன்னாரே, கடையில் சரக்கு இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது. எதற்காக மாறுகிறது என்று அறியாதவர் பழைய பூட்டையே எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார்.

என் வகுப்பில் இந்தப் பாடம் கடைசிப் பருவத்தில், விருப்பப் பாடங்கள் ஆறில் ஒன்றாக இருக்கிறது. மதிப்பெண் குறையும் என்று மூத்தவர்கள் சொன்னதால் நானே அதை எடுக்காமல் விட்டவன். ஆகவே பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் முதற்பருவத்தில் மடக்கும் அடுக்கும் கற்பிக்கும்போதே, சுழற்சி நிரலுக்கு எடுத்துக்காட்டாகச் சீசர் மறைகுறியையும், மீதி காணும் கணக்குக்கு எடுத்துக்காட்டாக டிஃபியையும், கோப்பில் எழுதும் பாடத்துக்குக் கடவுச்சொல்லையும் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? தனியாக ஒரு மணி நேரம்கூட வேண்டியதில்லை. செய்த மறைகுறியைப் பக்கத்து மாணவனிடம் கொடுத்து உடைக்கச் சொன்னால் போதும். அந்த வேதியியல் தம்பி எனக்குப் புகட்டிய பாடத்தை எந்தப் பேராசிரியரும் அவ்வளவு சுருக்கமாகப் புகட்டியிருக்க முடியாது.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை. வரும் மாதத்து நான்கு சனிக்கிழமை மாலைகளிலும், தேநீருக்குப் பின், நம் பேரவை அறையில் இதைத் தமிழிலேயே கற்கலாம் என்று நானும் அந்தத் தம்பியும் தீர்மானித்திருக்கிறோம். முதல் இரண்டு வாரமும் கணிப்பொறி கிடையாது; காகிதமும் பென்சிலும் போதும். இலக்கியம் படிப்பவர்களும் வரலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் சரி. கைதட்டல் வாங்கிய நண்பரையும் அழைத்திருக்கிறேன். மூன்றாம் வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று புதிய பதிவேட்டு நிரலின் கோப்பை அப்படியே மேசைமேல் வைத்து, உடைக்க முடிந்தவர் உடைக்கலாம் என்று விட்டுவிடப் போகிறோம்.

அதற்குமுன் ஒரு சிறு வேலை பாக்கி. அத்தனை கதவு தட்டியும், பழைய கடவுச்சொல்லை மாற்றாதவர்கள் இன்னும் பதினொருவர் இருக்கிறார்கள். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்த வாரக் கடைசியில் மறுபடியும் வருகிறேன், கதவைத் திறங்கள்.